நாற்பது சதவீத யூரியாவும் என் பத்து விரல்களும்

“ஏனம்மணி, இந்தக் கையை வெச்சுட்டா ஆபீசு வேலைக்குப் போகப்போறே?”

கேட்டவர் எங்கள் ஊர் தையற்கடைச் செல்வி அக்கா. வேலைக்குச் சேரும் நாளில் போட்டுக்கொள்ள வாங்கிய சுடிதார்த் துணியைத் தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். துணியை மேசையில் விரித்து, பெருமையாக ஒரு தடவு தடவி, “எப்படி இருக்குதுங்கக்கா?” என்றேன். கையை எடுத்தேன். துணியும் கூடவே வந்தது. விரல் நுனியில் உரிந்து நின்ற தோல், அந்த வழுவழுப்பான துணியில் ஓர் இழையைக் கொக்கி போட்டு இழுத்துவிட்டது. அக்கா கத்தரியை எடுத்து இழையை வெட்டிவிட்டார். (விரலை வெட்டாமல் விட்டது அவர் பெருந்தன்மை.) அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

“படிச்ச புள்ள கையாட்டமாவா இருக்குது? தேங்கா நாரு தோத்துப்போகும். நீ போயி டேபிளு மேல கை வெச்சீன்னா பாலீஸ் போயிரும் கண்ணு.”

அக்காமேல் எனக்குக் கோபம் வந்தது. உண்மையைக் கேட்டால் வருகிற கோபம். அது சீக்கிரம் தணியாது. தை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. மார்கழிப் பனியில் ஆரம்பித்த வறட்சி காற்றில் முற்றிப்போய், கை கால் எல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. முழங்கையில் நகத்தால் கீறினால் எழுத்து விழும். (கௌசல்யா என்று இனிஷியலோடு எழுதிப் பார்த்திருக்கிறேன். கச்சிதமாக அடங்கியது.) வீட்டில் வேறு போர்த் தண்ணீர். அந்த உப்புத் தண்ணீரில் துவைத்து முடித்தால், துணி காய்வதற்கு முன்னால் கை காய்ந்துவிடும்.

கேள்வி ஏன் அவ்வளவு சுட்டது என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா காட்டு வேலைக்கு, அதாவது விவசாயக் கூலி வேலைக்குப் போகிறாள். இரண்டு பேருமே கைநாட்டு. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஏதோ ஒரு படிவத்தில் அம்மாவின் கட்டைவிரலை ஓர் ஆள் பிடித்து, நீல மையில் உருட்டி, காகிதத்தில் ஒற்றி எடுத்ததைப் பார்த்தேன். அம்மா அந்த விரலை அன்று முழுவதும் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். இனி இந்த வீட்டில் கைநாட்டு என்ற பேச்சே கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஆறு மாதிரிகளில் கையெழுத்துப் பழகினேன். கடைசியில் தேர்ந்தெடுத்தது, கீழே இரண்டு கோடும் முடிவில் ஒரு புள்ளியும் உள்ளது. கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தால்கூட, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தேன்.

அப்படிப்பட்ட எனக்கு, பி.காம். முடித்து எட்டு மாதம் அலைந்த பிறகு, பெரியநாயக்கன்பாளையம் பக்கத்தில் பம்பு செட் செய்கிற ஒரு கம்பெனியில், ஸ்டோர்ஸ் பிரிவில் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர், காற்றாடி. அந்த மேசையில் போய் இந்தக் கையையா வைப்பது? வேலையில் சேர இன்னும் ஆறு நாள் இருந்தது. நேராக மருந்துக்கடைக்குப் போனேன்.

மருந்துக்கடைக்காரர் என் கையைப் பார்த்தார். அதிர்ச்சி எதுவும் காட்டவில்லை, தொழில் தர்மம். ஒரு சின்னக் குப்பியை எடுத்துவைத்தார்.

“இது போதுமுங்க. குளிச்சுப்போட்டு, ஈரம் காயறதுக்குள்ள பூசுங்க. பாத்திரம் துலக்குனா கையொற போட்டுக்குங்க.”

குப்பியைத் திருப்பிப் படித்தேன். (ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நான் படிக்காமல் விடுவதில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் உதடு அசையப் படிப்பேன்.) யூரியா பத்து சதவீதம் என்று போட்டிருந்தது. பத்தா? தேர்வு என்றால் தேறக்கூடத் தேறாதே. கண்ணாடிப் பெட்டிக்குள் இன்னொரு டியூப் இருந்தது. அதில் நாற்பது.

“அதைக் குடுங்க.”

“அது குதிகால் வெடிப்புக்குங்க. தோலை உரிச்செடுக்கறதுக்கு. கால்ல கெட்டித் தோலு இருக்கற எடத்துல மட்டும், கொஞ்சூண்டு…”

“பரவால்லீங்க. என்ற கையும் குதிகாலாட்டந்தான் இருக்குது.”

“கைக்கு வேண்டாமுங்க.”

“நான் படிச்சுக்கறேனுங்க,” என்று டியூபோடு வந்த சீட்டைத் தட்டிக் காட்டினேன். வாழ்நாள் முழுவதும் எனக்குச் சதவீதம் என்றால் ஒரே அர்த்தந்தான்: அதிகமாக இருந்தால் அப்பா ஊரெல்லாம் சொல்லுவார். நாற்பது கண்ணெதிரே இருக்கும்போது பத்தை வாங்கிக்கொண்டு போகிற ஆளா நான்?

வீட்டுக்கு வந்து சீட்டை முழுவதும் படித்தேன். அதில் எச்சரிக்கை என்று ஒரு பத்தி இருந்தது. அதையும் படித்தேன். எச்சரிக்கைகள் எல்லாம் படிக்காதவர்களுக்காக எழுதப்படுகின்றன என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். (படிக்காதவர்கள் அதை எப்படிப் படிப்பார்கள் என்று யோசிக்கவில்லை.)

அம்மா சின்ன வெங்காயக் காட்டிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். “அது என்ன கண்ணு?” என்றாள்.

“கைக்குப் பூசற மருந்தும்மா. யூரியா இருக்குது இதுல.”

கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. “யூரியாவா? பயிருக்குப் போடறமே, அதா?”

“அதேதான். ஆனா இது சயின்ஸு.”

“எத்தன போட்டிருக்கறான்?”

“நாப்பது.”

“நாப்பதா! நெம்பப் போட்டா கருகிப் போயிருமே கண்ணு. போன வருசம் காட்டுக்காரரு அவசரப்பட்டு அள்ளி எறைச்சுப்போட்டு, மக்காச்சோளம் பூராவும் நுனி எரிஞ்சு நின்னுது பாரு, அந்த மாதர ஆயிரப் போகுது.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை ஓர் அறை விடலாம் போல் இருக்கும். “அம்மா, மக்காச்சோளமும் நானும் ஒண்ணா?” என்று கேட்டேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மக்காச்சோளம் சொன்னா கேக்கும்,” என்றபடி உள்ளே போனாள்.

செல்போனில் ஒரு வீடியோவும் பார்த்திருந்தேன். களிம்பைப் பூசி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் சுற்றினால் இரட்டிப்பு வேகத்தில் வேலை செய்யுமாம். வீடியோவில் பேசியவர் காலைக் காட்டித்தான் பேசினார். நான் அதைக் கைக்கு மொழிபெயர்த்துக்கொண்டேன். அடுத்த நான்கு நாட்கள், மதியச் சாப்பாடு முடிந்ததும், பத்து விரல்களுக்கும் தடிமனாகக் களிம்பைப் பூசி, இட்லி மாவு வாங்கிய பிளாஸ்டிக் கவர்களுக்குள் இரண்டு கைகளையும் விட்டு, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு, சாயங்காலம் வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அந்த நான்கு மதியங்களிலும் நான் கற்றுக்கொண்டது, மூக்கு எப்போது அரிக்கும் என்பதுதான். போன் அடிக்கும், எடுக்க முடியாது. டிவியில் ஒரு தொடரில் ஆரம்பித்த அழுகை அடுத்த தொடரிலும் நீளும், மாற்ற முடியாது. ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கதவைத் தட்டினார். தாழ்ப்பாளைப் பல்லால் திறந்தேன். கவருக்குள் கட்டிய இரண்டு கைகளையும் பார்த்தவர், “தீக்காயமுங்களா?” என்று இரக்கமாகக் கேட்டு, சிலிண்டரை அவரே உள்ளே உருட்டி வந்து வைத்துவிட்டுப் போனார். விளக்கம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் நாள் தோல் வெள்ளையாக ஊறியது. மூன்றாம் நாள் சின்ன வெங்காயச் சருகு மாதிரி உரிய ஆரம்பித்தது. கொஞ்சம் எரிந்தது. வேலை செய்கிறது என்று மகிழ்ந்து இன்னொரு பூச்சுப் பூசினேன். நான்காம் நாள் முடிந்து கழுவிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். இளஞ்சிவப்பில், பளபளவென்று, பிறந்த குழந்தையின் விரல்கள் மாதிரி பத்து விரல்கள். தைத்த சுடிதாரை வாங்கப் போய், வேண்டுமென்றே அந்தத் துணியை இரண்டு முறை தடவிக் காட்டினேன். இழை அசையவில்லை.

“அட, ஆமா அம்மணி,” என்றார் செல்வி அக்கா, என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து. “ஆனா ஒரு கோடு கூடக் காணோமே. ரேகையெல்லாம் எங்க போச்சு?”

அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

சேரும் நாள் காலையில் அம்மாவும் கூடவே பஸ் ஏறினாள். கம்பெனி எப்படியிருக்கிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு, அப்படியே காட்டு வேலைக்குப் போய்விடுவதாகத் திட்டம். அதனால் வேலைக்குப் போகும் உடுப்பிலேயே வந்திருந்தாள்: சேலைக்கு மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. எனக்குப் புதுச் சுடிதார், புதுச் செருப்பு. கம்பெனி வாசலுக்கு எதிரே இறங்கியதும், “நீ உள்ள வரவேண்டாம்மா. அடுத்த பஸ்ஸுல போயிரு,” என்றேன். ஏன் என்று அம்மா கேட்கவில்லை.

அன்று புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆறு பேர். எங்களை டைம் ஆபீசுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சுவரில் ஒரு சின்னக் கருப்புப் பெட்டி. விரலை வைத்தால்தான் வருகை பதிவாகும். டைம் ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் சம்பத் அண்ணன் ஒவ்வொருவருக்கும் ஊழியர் எண் கொடுத்து, விரலை மூன்று முறை வைக்கச் சொல்லி, பெட்டியில் ஏற்றினார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஒவ்வொருவருக்கும் “தேங்க் யூ” சொன்னது. ஐந்து பேருக்கு ஐந்து தேங்க் யூ.

பெட்டியைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது ஏமாற்றம். இரண்டு கோடும் ஒரு புள்ளியும் வைத்துக் கையெழுத்துப் போடலாம் என்று புதுப் பேனாவோடு வந்திருக்கிறேன். இவர்கள் என்னிடமும் கைநாட்டுக் கேட்கிறார்களே!

“214, கௌசல்யா. வலது கட்டைவெரலு வைங்கம்மா.”

வைத்தேன்.

“ப்ளீஸ் டிரை அகெய்ன்,” என்றது குரல்.

மறுபடி வைத்தேன். ப்ளீஸ் டிரை அகெய்ன். ஆள்காட்டி விரல். ப்ளீஸ் டிரை அகெய்ன். இடது கை. மோதிர விரல். சுண்டு விரல். பத்து விரல்களையும் மூன்று சுற்று வைத்தாயிற்று. முப்பது முறையும் அந்தப் பெண் குரல் உயர்த்தாமல், சலிக்காமல் ப்ளீஸ் போட்டே சொன்னாள். அந்தப் பொறுமை எனக்கு இன்றுவரை வரவில்லை.

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஷிப்ட்டுக்கு உள்ளே வந்த ஒருவர், “தலையில தேச்சுப்போட்டு வெய்யி கண்ணு, எண்ணெப் பசை ஏறும்,” என்றார். தேய்த்தேன். கேன்டீன் அக்கா சூடான டீ டம்ளரைக் கொடுத்து, “சித்த நேரம் புடிச்சுட்டு இரு, வெதுவெதுப்பா இருந்தா எடுக்கும்,” என்றார். பிடித்தேன். புதுத் தோலில் சூடு சுள்ளென்று ஏற, டீ புதுச் சுடிதாரில் கொட்டியதுதான் மிச்சம். இன்னொருவர் மூக்கின் பக்கவாட்டில் தேய்க்கச் சொன்னார். அதையும் செய்தேன். (கூட்டமே பார்க்க, மேசை வேலைக்கு வந்த பட்டதாரி, பத்து விரல்களையும் மூக்கில் தேய்த்துக்கொண்டு நின்றாள்.)

சம்பத் அண்ணன் என் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “என்னம்மா இது, உரிச்ச வாழைப்பழமாட்டம் இருக்குது? ஒண்ணுமே இல்லையே இதுல.”

அப்போது எச்.ஆர். மேடம் வந்தார். காயத்ரி மேடம். நேர்காணலில் என்னிடம் கனிவாகப் பேசியவர் அவர்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால்.

“பன்னெண்டு மணிக்கு லிஸ்டு மேல போயிரும் கௌசல்யா. அதுக்குள்ள சிஸ்டத்துல ஏறுனவங்க மட்டுந்தான் இந்த பேட்ச். ஏறலைன்னா அடுத்த பேட்ச்சுலதான் பாக்கோணும்.”

“அடுத்த பேட்ச் எப்பங்க மேடம்?”

“அது எனக்கே தெரியாதும்மா. வெயிட்டிங்குல இன்னொரு பையன் இருக்கறான், அவனைக் கூப்பிடச் சொல்லுவாங்க.”

எட்டு மாதம் எத்தனை வாசலில் நின்றிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். மண்டியில் ஒவ்வொரு மூட்டையை இறக்கும்போதும் அப்பா, “என்ற புள்ளைக்குக் கம்பெனில வேலை,” என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைத் தூக்கியிருப்பார்.

மேடம் என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “உங்க ஊட்டுல காட்டு வேலைன்னு சொன்னியே. நீயும் செய்வியாம்மா? அதனாலதான் ரேகை தேஞ்சு போச்சா?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். யூரியா, நாற்பது, இட்லி மாவுக் கவர் என்று மூன்று வார்த்தைதான். ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு மரியாதை தெரிந்தது.

“ஆமாங்க மேடம்,” என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. “காலேஜு முடிச்சு வந்ததும் வெங்காயக் காட்டுக்குப் போயிருவேனுங்க. தாளறுத்து தாளறுத்து… சின்ன வயசுல இருந்தேயுங்க.”

கேன்டீன் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மேடம் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு, யாருக்கோ போன் செய்து, “ரொம்பக் கஷ்டப்பட்டு மேல வந்த பொண்ணு சார்,” என்று எனக்காகப் பேச ஆரம்பித்தார். எனக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

சம்பத் அண்ணனுக்கு மட்டும் பெட்டிமேல் சந்தேகம். “மிசினே மக்கர் பண்ணுதோ என்னமோ. இதுவரைக்கும் பதியாத ஆளு யாராவது வெச்சுப் பாத்தாத் தெரியும். வெளிய பஸ் ஸ்டாப்புல ஒரு அம்மா காலையில இருந்து உக்காந்திருக்குது பாருங்க, அதைக் கொஞ்சம் கூப்பிடுங்க,” என்று வாட்ச்மேனிடம் சொன்னார்.

வந்தது அம்மா. முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் எனக்குக் கட்டிய சோற்றுத் தூக்கு. காலையில் அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள நான் மறந்தது அது. அதைக் கொடுக்காமல் போக மனமில்லாமல், உள்ளே வரவும் தயங்கி, மூன்று மணி நேரமாக எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

என்னைப் பார்த்தாள். சுடிதாரில் டீக் கறையைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டேன். காலையில் உள்ளே வரவேண்டாம் என்று சொன்னது அம்மாவுக்கு நினைவிருந்தது போலிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சம்பத் அண்ணனிடம், “பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தேனுங்க. எதுக்குங்க கூப்பிட்டீங்க?” என்றாள், என்னை யாரென்றே தெரியாத மாதிரி.

“ஒண்ணுமில்லீங்கம்மா. இதுல கட்டைவெரலு வைங்க.”

அம்மா விரலைச் சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள். டிங். “எடுக்குதே! இன்னொருக்கா வைங்க.” டிங். “அட, இன்னொருக்கா.” டிங்.

“தேங்க் யூ,” என்றாள் பெட்டிக்காரி.

அம்மா விரலை எடுத்தாள். பெட்டியின் கண்ணாடியில் முடியளவு சிவப்பாக ஒரு கோடு இருந்தது. விரலின் வெடிப்பிலிருந்து வந்தது. சம்பத் அண்ணன் பஞ்சால் துடைத்தார். நான் அதைப் பார்த்தேன். வேறு யாரும் பார்த்தார்களா என்று தெரியாது.

மேடம் போனை வைத்துவிட்டு வந்தார். “உங்க கையும் காட்டு வேலை செஞ்ச கைதானேங்கம்மா? பாருங்க, இந்தப் பொண்ணும் உங்களாட்டந்தான். வெங்காயத் தாளறுத்தே ரேகையெல்லாம் தேஞ்சு போச்சாம், பாவம்.”

அம்மா அதுவரை நன்றாகத்தான் நடித்துக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டதும் நடிப்பு உடைந்துவிட்டது.

“இவளா?” என்று ஆரம்பித்த சிரிப்பு, சோற்றுத் தூக்கை மேசையில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்கிற அளவுக்குப் போனது. “இவளா தாளறுத்தா? வெங்காயம் மண்ணுக்குள்ள காய்க்குமா, மேல காய்க்குமான்னு கேளுங்க, சொல்றாளான்னு பாப்போம்! காட்டுப் பக்கம் வாடி கண்ணுன்னா வெயிலுன்னு சொல்லிப்போடுவாளுங்க. நாந்தான் படிக்கட்டும்னு உட்டுப்போட்டேன். இது வெங்காயம் அறுத்ததில்லீங்க மேடம். யூரியா! வேண்டாம் வேண்டாம்னு சொல்லச்சொல்ல, நாலு நாளு யூரியாவைப் பூசி, மாவு வாங்கற கவருக்குள்ள கைய உட்டுட்டு, பரண்மேல ஏறுன பூனையாட்டம் உக்காந்திருந்தாளுங்க!”

கேன்டீன் அக்கா முந்தானையைக் கீழே விட்டார்.

“நீங்க யாருங்கம்மா?” என்றார் மேடம்.

அம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளே சொல்லக்கூடாது, நான்தான் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. வேலை போனது போனதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு சொல்வது சுலபமாக இருந்தது.

“எங்கம்மாங்க மேடம். அம்மா சொன்னது நெசந்தானுங்க. நாந்தான் பொய் சொல்லிப்போட்டேன்.”

மேடம் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையின் முடிவு என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் அதற்குள் சம்பத் அண்ணன் கம்ப்யூட்டருக்கு முன்னால், “ஐயோ சாமி,” என்றார்.

“என்னாச்சு சம்பத்?”

“பதிவைக் குளோஸ் பண்ணாமயே அந்தம்மா வெரலை வெக்கச் சொல்லிப்போட்டேனுங்க மேடம். மூணுக்கு மூணு எடுத்து ஏறிப்போச்சு. 214, கௌசல்யா, பதினொண்ணு நாப்பத்தெட்டு, ஜாயின்டுன்னு பச்சையில காட்டுது. அழிக்கோணும்னா மிசினு கம்பெனிக்காரன் வந்தாத்தான் ஆகும்.”

மேடம் திரையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். என் மூக்கைப் பார்த்தார். (அதில் தலை எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது.) பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அடக்கி அடக்கிச் சிரித்தார்.

“சிஸ்டத்துல ஏறியாச்சு. லிஸ்டு அப்படியே போகட்டும், நான் மேல பேசிக்கறேன். ரேகையை அப்பறம் மாத்திக்கலாம். அதுவரைக்கும் நீ ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடு. ஆனா, வெங்காயம்னு இனி எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீன்னா தெரியும்.” அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, “உங்க பேரு என்னங்கம்மா?”

“மாராத்தாளுங்க. அப்ப நாந்தான் தினமும் வந்து வெரலு வெக்கோணுமுங்களா? எனக்கு அடுத்த வாரம் மஞ்சக்காட்டு வேலை இருக்குதுங்களே.”

அன்று இரண்டு கோடும் ஒரு புள்ளியும் வைத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் நான் போட்ட கையெழுத்துகளிலேயே கொஞ்சம் கோணலானது அதுதான். விரல் எரிந்தது.

ரேகை திரும்பி வர ஐந்து வாரம் ஆயிற்று. மருந்துக்கடைக்காரரிடம் மறுபடி போனேன். “கைக்கு வேண்டாமுன்னு அன்னைக்கே சொன்னேனுங்களே,” என்று மட்டும் சொல்லிவிட்டு, வாசனையில்லாத சாதாரணக் களிம்பு ஒன்றைக் கொடுத்தார். ஈரம் காய்வதற்குள் பூசு, சோப்பைக் குறை, பாத்திரத்துக்குக் கையுறை போடு. அவ்வளவுதான் வைத்தியம். அதில் பெருமைப்படச் சதவீதம் எதுவும் இல்லை. வேலை மட்டும் செய்தது.

மிசின்காரர் வந்து அம்மாவின் ரேகையை அழித்து என்னுடையதை ஏற்றிய அன்று, வீட்டில் பெரிய பிரச்சினை. “ஒரு வார்த்தை சொல்லாம வேலைய உட்டுத் தூக்கிப்போட்டாங்களா?” என்று அம்மா கேட்டாள். அப்பா அன்றிலிருந்து அம்மாவை “214” என்றுதான் கூப்பிடுகிறார். குழம்பில் உப்புக் கூடினால், “ஆபீசு ஞாபகத்துல போட்டுப்போட்டா,” என்பார். உறவுக்காரர்கள் வந்தால், பம்பு கம்பெனியில் முதலில் வேலை கிடைத்தது அம்மாவுக்குத்தான் என்றும், நான் அம்மாவின் சிபாரிசில் உள்ளே போனேன் என்றும் கதை போகும். மறுத்துப் பேச எனக்கு வழியில்லை. கம்பெனி சிஸ்டமே அப்படித்தான் சொன்னது.

நான் மறக்காதது அந்தக் கண்ணாடியில் இருந்த சிவப்புக் கோடுதான். நான்கு நாள் பத்து விரலுக்கு அபிஷேகம் செய்தவள், ஒரே வீட்டில் இருந்த அந்தக் கையை ஒருநாளும் பிடித்துப் பார்த்ததில்லை. அந்த வாரமே அம்மாவுக்கும் ஒரு டப்பா களிம்பு வாங்கி வந்தேன். பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்தால் பாதி காலி. எனக்கு ஒரே சந்தோஷம்.

“தினமும் பூசறியாம்மா?”

“பூசறேன் கண்ணு. பொடக்காலிக் கதவுக் கீலு இப்பச் சத்தமே போடறதில்ல பாரு.”

கேட்டுக்கொண்டிருந்தால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. இந்த மார்கழி தொடங்கியதும் அம்மாவின் விரல்கள் மறுபடி வெடிக்க ஆரம்பித்தன. நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் தோல் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை காலை பத்தரைக்கு மாராத்தாள் என்ற பெயரில் டோக்கன் வாங்கியாயிற்று. அன்றைக்கு எனக்கு விடுப்புக் கேட்டுக் காயத்ரி மேடத்திடம் கடிதமும் கொடுத்தாயிற்று. காரணம் என்ற இடத்தில் ‘அம்மாவின் கை’ என்று எழுதியிருந்ததைப் படித்தவர், மறுபேச்சுப் பேசாமல் அனுமதி கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா எதிர்பார்த்தபடியே, “இதுக்கெல்லாம் எதுக்கு டாக்டரு?” என்று ஆரம்பித்தாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்:

“எனக்கும் சேத்து லீவு எழுதிட்டியா?”

எழுதிவிட்டேன் என்றேன்.